சொட்டுநீர் குமாரசாமி

மொதல்ல தப்புப் பண்ணுனது நீங்கதானுங்க, செங்கோடன் மாப்ள. அதை ஒத்துக்கிட்டீங்கன்னா இந்த ஸ்டூல்ல உக்காந்து பேசறேன். இல்லீன்னா நின்னபடிக்கே நாலு வார்த்தை கேட்டுப்போட்டு அடுத்த பொள்ளாச்சி பஸ்ஸுக்குப் போயிருவேன்.

சரி. பேச மாட்டீங்க. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டீங்க. செவுத்துல என்னுங்க இருக்குது, சுண்ணாம்பு. நாலு வருசம் கழிச்சுப் பொண்டாட்டியோட அண்ணன் வந்து நிக்கறேன், வாங்கன்னு ஒரு சொல்லு வாயில வரலை. அதையும் ஞாபகம் வெச்சுக்கறேன். எனக்கு மறதி கெடையாதுன்னு உங்களுக்கே தெரியும். உக்காந்துக்கறேன். முட்டி வலிக்குது, அதுக்காகத்தான்.

நான் வந்ததும் உங்களுக்காக இல்லீங்க. நாச்சி நேத்துப் போன் பண்ணி அழுதா. அண்ணா, ஆபரேசன் முடிஞ்சு இவரு நல்லாத்தான் இருந்தாரு, முந்தாநேத்து ஒண்ணுக்குப் போற டியூப்பை எடுத்தாங்க, அதுலிருந்து யாரு மூஞ்சியும் பாக்க மாட்டேங்கறாரு, தண்ணி குடிக்க மாட்டேங்கறாரு, எக்சசைஸ் சொல்லிக் குடுக்க வந்த புள்ளையை வெரட்டி உட்டுட்டாருன்னா. நான் ஒண்ணுதான் கேட்டேன். அந்த மனுசன் என் பேரைச் சொன்னாரான்னு கேட்டேன். இல்லீங்கண்ணான்னா. சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். இருந்தாலும் தங்கச்சிக்காகப் பஸ் ஏறுனேன். அவளைக் கேண்டீனுக்கு அனுப்பி வெச்சிருக்கறேன். வாரதுக்குள்ள நம்ம சோலியை முடிச்சுக்கலாம்.

சித்திரை வெய்யலுங்க. ஃபேன் காத்தே அனலா அடிக்குது. நீங்க கழுத்து வரைக்கும் போத்திக்கிட்டுப் படுத்திருக்கறீங்க. யாருகிட்டங்க மறைக்கறீங்க? எங்கிட்டயா? கட்டிலுக்கு அடியில சுருட்டி வெச்சிருக்கறது வேட்டிதானுங்களே? நனைஞ்சது. நாச்சி கண்ணுல படக் கூடாதுன்னு ஒளிச்சு வெச்சிருக்கறீங்க. நானும் ஒளிச்சு வெச்சவன்தான். சோளத்தட்டுப் போருக்குள்ள சொருகி வெச்சேன். மாடு அதை இழுத்து வாசல்ல கொண்டாந்து போட்டுருச்சு. ஊடு நெறைய ஒறம்பரைச் சனம் வந்திருந்த நாளு.

அந்தக் கூசாவுல தண்ணி அப்பிடியே இருக்குது. குடிக்கலீன்னா வராதுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னா? அறுபத்திமூணு வயசாச்சு, என்னாட்டவே மாட்டுத் தரகுல ஆயிரம் மாடு பாத்திருப்பீங்க, இந்தப் புத்திதானா? மூத்திரம் கெட்டிப்பட்டா நெருப்பாட்ட எரியும், இன்னும் எச்சா அவசரப்படுத்தும். நான் பண்ணிப் பாத்துச் சொல்றனுங்க. ஒரு டம்ளர் குடிங்க. குடிங்கன்னா குடிங்க. நான் பாக்காம இக்கட்டத் திரும்பிக்கறேன்.

ம்.

இதுல வெக்கப்படறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. உள்ளார வீங்கிப் போயி வழியை அடைச்சுக்கிட்டு இருந்ததை எடுத்துப்போட்டாங்க. அடைப்பு இருந்த வரைக்கும் மூடற சதைக்கு வேலையே இல்லை. சும்மா இருந்து சோம்பேறி ஆயிருச்சு, உங்களாட்ட. இப்ப அதைத் தட்டி எழுப்பி வேலை வாங்கோணும். அதுக்குத்தான் அந்த எக்சசைஸு. நேத்து நீங்க வெரட்டி உட்டீங்களே வெங்கடலட்சுமி அம்மணி, அதே புள்ளைதான் நாலு வருசத்துக்கு முன்னால எனக்கும் சொல்லிக் குடுத்துச்சு. அப்ப வேலைக்குச் சேந்த புதுசு. பூசணிக்காயை அறுத்து வெச்சாப்புல ஒரு படத்தைக் காட்டுச்சு. இதுதானுங்க உங்க மூத்திரப் பைன்னுச்சு. நான் நம்பலை.

அய்யா, ஒண்ணுக்குப் போகறப்பப் பாதியில நிறுத்துவீங்களே, அதே மாதிரி உள்ள இழுத்து இறுக்குங்க, அஞ்சு எண்ணுங்க, உடுங்க, தம் கட்டாதீங்கன்னுச்சு. எனக்குத் தம்முன்னா பீடிதானுங்களே. நான் பீடிக்கட்டை இடுப்பு வேட்டியில சொருகீட்டுப் போறவன். ஓகோ, அந்த எடத்துல கனம் இருக்கக் கூடாதாட்ட இருக்குதுன்னு நெனைச்சுப்போட்டேன். பீடிக்கட்டை எடுத்துச் சட்டைப் பையில வெச்சேன். அப்பறம் எதுக்கு வம்புன்னு பீடி குடிக்கறதையே உட்டுப்போட்டேன். ஆனா மூச்சை மட்டும் கெணத்துல முங்குனவனாட்ட அடக்கிக்கிட்டு, மூஞ்சி செவக்க, கன்னுப் போடற மாடாட்ட முக்குனேன். தெனம் மூணு வேளை. ஒரு மாசம். நாச்சியோட அண்ணி, அதுதான் என் ஊட்டுக்காரி, வயித்துக்குச் சேரலியான்னு ஓம வாட்டர் வாங்கிக் குடுத்தா. சொட்டுனது போயி ஊத்த ஆரம்பிச்சுருச்சு.

திரும்ப வந்தேன். எப்பிடிங்கய்யா பண்றீங்கன்னு அந்த அம்மணி கேட்டுச்சு. பண்ணிக் காட்டுனேன். அட்டையைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிட்டுச் சிரிச்சுதுங்க. அய்யா, நீங்க கீழ தள்றீங்க, நான் சொன்னது மேல இழுக்கறது, தம்முன்னா மூச்சுங்கன்னுச்சு. எனக்குக் கோவம் வந்துருச்சு. அடுத்த வாரமே, சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கங்கய்யான்னு அதுவா வந்து சொல்லுச்சு. அன்னையோட மறந்துபோட்டேன். கேட்டா மன்னிக்கறவன்தானுங்க நான். இருபது வயசுப் புள்ளைக்குத் தெரிஞ்ச அந்த வார்த்தை உங்களுக்குத் தெரியலை.

எனக்கு அது எப்பப் புரிஞ்சுதுன்னு கேளுங்க. கேக்க மாட்டீங்க, நானே சொல்றேன். அந்தப் புள்ளை சிரிச்ச அன்னைக்குச் சாயங்காலம் கட்டுத்தரையில ஒருத்தரு மாடு பாக்க வந்தாரு. வாலைத் தூக்கி விரலை வெச்சுப் பாத்தாரு, அடி தள்ளற மாடா, கருப்பை வெளிய வந்துருமான்னு. நல்ல மாடு என்னுங்க பண்ணும்? விரலு பட்டதும் வெடுக்குன்னு உள்ள சுருக்கும். வயிறு அசையாது, தொடை அசையாது, அசை போடறதைக்கூட நிறுத்தாது. நாப்பது வருசமா அதைப் பாத்துத்தானுங்க சோறு திங்கறோம். அடடா, இந்தச் சுருக்கைத்தான் அந்தப் புள்ளை அத்தனை நேரம் சொல்லுச்சான்னு அங்கயே நின்னு பண்ணிப் பாத்தேன். வந்துச்சு. மூச்சு பாட்டுக்குப் போகுது, வாய் பாட்டுக்கு நாயம் பேசுது, உள்ள சுருக்குது. வந்தவரு, என்னுங்க உங்க மூஞ்சி இப்பிடிப் பிரகாசமா இருக்குதுன்னாரு. மாடு நல்ல மாடுங்கன்னேன்.

அப்பறம் ரெண்டு மாசத்துல தேறிட்டேன். எந்திரிக்கறதுக்கு முன்னால ஒரு சுருக்கு. இருமலு வருதுன்னு தெரிஞ்சா அதுக்கு முன்னால ஒரு சுருக்கு. தும்மலு, பஸ்ஸு விட்டு எறங்கறது, தீவன மூட்டை தூக்கறது, எல்லாத்துக்கும் முன்னால. அந்தத் தைரியத்துலதான் செவ்வாக்கெழமை மாட்டுச் சந்தைக்கு வந்தேன்.

திரும்பாதீங்க செவுத்துப் பக்கம். அந்த நாளைத்தான் சொல்லப் போறேன். நீங்க வேற யாருகிட்டயும் இதை முழுசாச் சொல்லியிருக்க மாட்டீங்க.

பாலக்காட்டுக்காரரு ஒருத்தரு ஒரு சோடி காங்கேயம் காளை கேட்டாரு. அவுரு பக்கத்துக்கு நீங்க, விக்கறவங்க பக்கத்துக்கு நான். துண்டு உங்களுது. பச்சைக் கரை போட்ட ஈரிழைத் துண்டு, எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது. துண்டுக்கு அடியில உங்க கையும் என் கையும். நீங்க விரலைப் புடிச்சு வெலை சொல்றீங்க, நான் கட்டாதுன்னு உதறறேன். அந்தாளு குனிஞ்சு காளையோட வாயைத் தொறந்து பல்லு பாத்தாரு. நீங்க என் காதுகிட்ட வந்து, மச்சான், மாட்டுக்கு எட்டுப் பல்லு, பாக்கறவருக்கு நாலுதானுங்கன்னு சொன்னீங்க.

சிரிச்சுப்போட்டேன். வெள்ளை வேட்டி. முன்னால பூராவும்.

நீங்க பாத்தீங்க. மொதல்ல பாத்தது நீங்கதான். அந்த நேரத்துல வேற ஒருத்தனும் பாக்கலை. துண்டு உங்க கையில இருந்துச்சு மாப்ள. அதை அப்பிடியே என் இடுப்புல சுத்தி உட்டிருந்தா, வாரனுங்கன்னு சொல்லீட்டு நான் பாட்டுக்குப் போயிருப்பேன். நீங்க என்ன பண்ணுனீங்க? துண்டை உதறித் தோளுல போட்டீங்க. ஊருக்கே கேக்கற மாதிரி, ஏனுங் மச்சான், தென்னைக்குத்தானே சொட்டுநீர் போடுவாங்க, உங்களுக்கு யாருங்க போட்டா, மானியம் வந்துருச்சான்னு கேட்டீங்க. எறநூறு பேரு சிரிச்சாங்க. அந்தப் பாலக்காட்டாளுக்குத் தமிழ் பாதிதான் தெரியும், அவனும் நாலு பல்லையும் காட்டிச் சிரிச்சான்.

அன்னையோட குமாரசாமிங்கற பேரு போச்சு. டீக்கடையில, சொட்டுநீருக்கு ஒரு டீ போடுங்கறான். போன்ல, சொட்டுநீர் ஊடுங்களான்னு கேக்கறான். போன வருசம் ஒரு ஆபீசரு ஜீப்புல பதினஞ்சு வெவசாயிங்களைக் கூட்டிக்கிட்டு என் தோட்டத்துக்கே வந்துட்டாரு. இந்தப் பக்கத்துல மொதல்ல சொட்டுநீர் போட்டது குமாரசாமிங்கறவராமே, மாதிரித் தோட்டத்தைப் பாக்கலாமுங்களான்னு கேக்கறாரு. எனக்கு இருக்கறது நாலு ஏக்கரா மானாவாரி. கொள்ளு வெதைச்சிருந்தேன். அத்தனை பேருக்கும் மோரு குடுத்து அனுப்பி வெச்சனுங்க.

என்னுங்க, தோளு குலுங்குது? சிரிக்கறீங்களா? சிரிங்க. சிரிச்சாத் தெரியும். இப்பக் கட்டிலு உங்களுது.

பாத்தீங்களா. நான் சொன்னனா இல்லியா.

சரி, மூஞ்சியை அப்பிடி வெச்சுக்காதீங்க. ஒண்ணு சொல்றேன், கம்முன்னு பொட்டாட்டக் கேளுங்க. கீழ கேட்டுக்கு வெளிய நம்ம சந்தைக்காரங்க எட்டுப் பேரு நிக்கறாங்க. ஒரு வேனு புடிச்சு உங்களைப் பாக்க வந்திருக்கறாங்க. நாலு மணிக்குத்தான் மேல உடுவாங்களாம். நான் அந்த அட்டெண்டரு கையைப் புடிச்சுக் கெஞ்சி முன்னாலயே ஏறி வந்துட்டேன். என்னுங் சொட்டுநீரு, உங்க மாப்ளைக்கும் அதே ஆபரேசனாமே, எப்பிடி இருக்கறாருன்னு அதுல ஒருத்தன், அரங்கசாமி, பல்லை இளிச்சுக்கிட்டுக் கேட்டான். நான் ஒண்ணும் சொல்லலை. இன்னும் சொல்லலை. அதுக்குள்ள இப்பிடி வேர்க்குது உங்களுக்கு. எனக்கு நாலு வருசமா வேர்க்குது.

கையைக் குடுங்க. அட, குடுங்கன்னா. இந்தா, என் துண்டை மேல போட்டுக்கறேன். எதுக்கா? அந்த அம்மணி சொல்றது உங்களுக்குப் புரியாது. நமக்குத் தெரிஞ்ச வழியில சொல்றேன். நான் உங்க விரலை எத்தனை நேரம் இறுக்கறனோ அத்தனை நேரம் நீங்க உள்ள சுருக்கோணும். நான் உட்டா நீங்க உடோணும். துண்டு மேல கெடக்குது, பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒண்ணும் தெரியாது. மாடு ஞாபகம் இருக்குதுங்களா, விரலு பட்டதும் சுருக்கற மாடு. அதை நெனைச்சுக்கங்க.

ஒண்ணு, ரெண்டு, மூணு. வயித்தை எதுக்குங்க எக்கறீங்க? வயிறு சும்மா கெடக்கோணும். உடுங்க. உட்டதுக்கு அப்பறமும் அஞ்சு எண்ணோணும், அதுக்கும் எளைப்பாறோணும். மறுபடி. இப்பத் தொடை இறுகுது, போர்வை ஆடுது, எனக்குத் தெரியாதுங்களா? குண்டியையும் சேத்து இறுக்கறீங்க. அதை உடுங்க. மூச்சு, மூச்சு! தம் கட்டாதீங்க. ஏதாச்சும் பேசிக்கிட்டே பண்ணுனாத் தம் கட்ட முடியாது. எங்கிட்டப் பேச மாட்டீங்கன்னா எண்ணிக்கிட்டாச்சும் பண்ணுங்க. ம். அது. அதேதான். இப்ப வந்துச்சு. உங்க விரலே சொல்லுது.

பத்துத் தடவை. காத்தால, மத்தியானம், ராத்திரி. ஒண்ணுக்குப் போகறப்ப நிறுத்தி நிறுத்திப் பழகாதீங்க. எதுன்னு தெரிஞ்சுக்க ஒரு தடவை போதும், எச்சாப் பண்ணுனா வேற சீக்கு வரும். ஒரு வாரத்துல ஆகாது. மூணு மாசம் ஆகும், எச்சாவும் ஆகும். உங்களாட்டச் சோம்பேறிக்கு ஆறு மாசம். நாளைக்கு அந்த அம்மணி வந்தா எந்திரிச்சுக் கையெடுத்துக் கும்புடுங்க.

கையை எடுக்காதீங்க. இன்னும் முடியலை. இப்ப நம்ம யாவாரம்.

இதை நான் சும்மா சொல்லித் தரலீங்க. செவ்வாக்கெழமைச் சந்தையில, எறநூறு பேரு நிக்கறப்ப, குமாரசாமி மச்சான் வாங்கன்னு நீங்க கூப்படோணும். சத்தமா. சொட்டுநீர்னு எவனாச்சும் சொன்னா அவன் வாயை நீங்க மூடோணும். எத்தனை சந்தைன்னு சொல்லுங்க. நான் கேக்கறது இது. அஞ்சு விரலையும் சேத்துப் புடிச்சிருக்கறேன், தெரியுதுங்களா? அஞ்சு சந்தை.

ஒரு விரலா? ஒரே ஒரு சந்தையா? நாலு வருசத்துக்கு ஒரு சந்தையா? என்னுங்க, கொம்பு ஒடைஞ்ச கெழட்டு மாட்டுக்கு வெலை சொல்றாப்புல சொல்றீங்க. அட, கையைக் குடுங்க, நான் இன்னும் உதறலை. சரி, நாலு. ரெண்டா? அந்த ரெண்டாவது விரலைப் பாதிதான் குடுக்கறீங்க. அது ஒண்ணரைங்க. ஒண்ணரைச் சந்தை எந்த ஊருல கூடுதுங்க மாப்ள?

இப்பவும் அந்தக் குசும்பு போகலை. ஒண்ணுக்கு நிக்கறதில்லை, குசும்பு நிக்குது.

இல்லீங்க, நான் சிரிக்கலை. உதட்டைக் கடிச்சுக்கிட்டு இருக்கறேன். அது வேற.

சரி, ஏன் சிரிக்க மாட்டேங்கறேன்னு பாக்கறீங்க, சொல்றேன். இருமலுக்கு முன்னால சுருக்கலாம், தும்மலுக்கு முன்னால சுருக்கலாம்னு சொன்னனுங்களே. அதெல்லாம் வாரப்பவே சொல்லீட்டு வருது. சிரிப்பு மட்டும் சொல்லாம வருதுங்க. வந்துருச்சுன்னா எல்லாம் கழண்டுக்குது. நாலு வருசமாத் தெனம் முப்பது தடவை பண்றேன், அது ஒண்ணு மட்டும் சரியாகலை. அதனால சிரிக்கறதை உட்டுப்போட்டேன். பீடியை உட்டாப்புல. பேத்தி பேசற மழலைக்கெல்லாம் எந்திரிச்சு வெளிய போயிருவேன். டீவியில சிரிப்பு வந்தாக் கட்டுத்தரைக்குப் போயிருவேன். கோவக்காரக் கெழவன்னு பேரு வெச்சிருக்கறாங்க ஊட்டுல. வெச்சுக்கட்டும். சொட்டுநீருக்கு அது தேவலை.

நாச்சி கூப்பிட்டாளேன்னு உங்க ஊட்டு நோம்பி விருந்துக்கு வந்தப்ப, நீங்க உள்ள வந்ததும் நான் எலையில பாதியில எந்திரிச்சுப் போனனே. தேர்த் திருவிழாக் கடையில உங்களைப் பாத்துட்டு அக்கட்ட வழியாப் போனனே. கோவம்னு நெனைச்சீங்களா? கோவந்தான், இல்லீங்கலை. கோவம் மட்டும் இல்லை. எனக்குத் தெரிஞ்சு என்னை வயிறு வலிக்கச் சிரிக்க வெச்சது ஒரே ஆளுதான். அந்தாளு வாயைத் தொறக்கறதுக்குள்ள நான் போயாகோணும். அவ்வளவுதானுங்க.

மணி நாலாச்சாட்ட இருக்குது. கேட்டு தொறக்கற சத்தம். படியில செருப்புச் சத்தம் கேக்குதுங்களா? அரங்கசாமி இருமறான், அவனேதான்.

எந்திரிக்காதீங்க. எந்திரிச்சா எல்லாம் தெரியும். போர்வை நனைஞ்சுருச்சு, அதை உருவிக் கட்டிலுக்கு அடியில தள்ளுங்க. சாஞ்சு உக்காருங்க. ம், மொதல்ல சுருக்கீட்டு அப்பறம் நவுருங்க, என்ன சொல்லிக் குடுத்தேன்? துண்டு நம்ம மேலயே கெடக்கட்டும். இன்னும் கொஞ்சம் இழுத்து மடி பூரா வாராப்புலப் போட்டுக்கங்க. கையை எடுக்காதீங்க. துண்டுக்கு அடியில ரெண்டு பேரு கை இருக்கறப்ப மூணாவது ஆளு துண்டைத் தொட மாட்டான், இவனுங்க எட்டுப் பேரும் சந்தைக்காரனுங்கதான். மச்சானும் மாப்ளையும் ஏதோ யாவாரம் பேசறாங்கன்னு நெனைச்சுக்கிட்டு நிப்பாங்க, நலம் கேப்பாங்க, ஆரஞ்சைக் குடுத்துட்டுப் போயிருவாங்க.

அன்னைக்கு நீங்க குடுக்காத துண்டு எனக்கு இன்னும் வரோணும். அதை மறந்துபோட்டேன்னு நெனைச்சுக்காதீங்க. அஞ்சு சந்தையும் வரோணும். ஒண்ணரையெல்லாம் நான் ஒத்துக்கலை.

வந்துட்டாங்க. எதுக்கு அப்பிடிப் பாக்கறீங்க? வேண்டாமுங்க. வாயைத் தொறக்காதீங்க. ஏதோ சொல்லப் போறீங்கன்னு மூஞ்சியே சொல்லுது. கெஞ்சிக் கேட்டுக்கறேன் மாப்ள, இப்ப என்னைச் சிரிக்க மட்டும் வெச்சுப்போடாதீங்க. இருக்கறது ஒரு துண்டுதானுங்க.